ஒரே ஆப், மூணு டிக்கெட்: கோவண்டியில் இருந்து அந்தேரி போக எத்தனை முறை காசு கட்டணும்?

கோவண்டி ஸ்டேஷனில் நிற்கிறீர்கள். ஆபீஸ் அந்தேரியில். உங்கள் முன்னால் இரண்டு வழி.

ஒன்று, சிஎஸ்எம்டி போகும் ஹார்பர் லோக்கலில் ஏறி வடாலா ரோட்டில் இறங்குவது. அங்கே கோரேகாவ் வண்டிக்கு மாறி கிங்ஸ் சர்க்கிள், மாஹிம், பாந்த்ரா வழியாக அந்தேரி. நேரடி வண்டியும் சில இருக்கு, ஆனா அதன் டைமுக்கு ஏத்த மாதிரி உங்க வாழ்க்கையை மாத்திக்கணும். தெற்கே பாதி ஊர் இறங்கி மறுபடியும் வடக்கே ஏறுகிற சுற்றுப் பாதை இது. ஆனால் இரண்டாம் வகுப்பில் ஒரே டிக்கெட், 15 ரூபாயைத் தாண்டாது.

இன்னொன்று, குர்லாவில் மாறி காட்கோபர் போய், அங்கே மெட்ரோ 1-ல் ஏறி நேராக அந்தேரி. ஏசி, வேகம், சட்டை கசங்காது. ஆனால் லோக்கலுக்கு ஒரு டிக்கெட், மெட்ரோவுக்கு இன்னொரு டிக்கெட். மெட்ரோ கட்டணம் தூரத்தைப் பொறுத்து 10 முதல் 40 ரூபாய். வீடு சிவாஜி நகரிலோ பைகன்வாடியிலோ இருந்து ஸ்டேஷனுக்கு பெஸ்ட் பஸ்ஸில் வந்திருந்தால், அதுக்கு மூணாவது டிக்கெட்.

சுத்திப் போனா ஒரு டிக்கெட், நேரா போனா மூணு. இது ஏன்?

2025 அக்டோபர் 8-ம் தேதி பிரதமர் மோடி 'மும்பை ஒன்' ஆப்பைத் தொடங்கி வைத்தார். லோக்கல் ரயில், மெட்ரோ, மோனோரயில், பெஸ்ட், தாணே, நவி மும்பை, மீரா பயந்தர், கல்யாண் டோம்பிவிலி பஸ்கள் என 11 போக்குவரத்து அமைப்புகளின் டிக்கெட்டும் ஒரே ஆப்பில், ஒரே க்யூஆர் கோடில். "இனி ஒரே டிக்கெட்" என்று தலைப்புகள் வந்தன. நல்ல வசதிதான், மறுக்க முடியாது. கவுன்ட்டர் வரிசை மிச்சம். ஆனால் ஆப்பில் கடைசியாகக் காட்டுகிற தொகையைக் கூட்டிப் பாருங்கள்: பஸ்ஸுக்குக் குறைந்தபட்சம், லோக்கலுக்குக் குறைந்தபட்சம், மெட்ரோவுக்கு அதன் கட்டணம். கவுன்ட்டர்தான் ஒண்ணாச்சு, கட்டணம் ஒண்ணாகலை.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மாசம் 25 நாள், நாளுக்கு ரெண்டு தடவை என்று பெருக்கினால் தெரியாது.

உங்க லோக்கல் டிக்கெட்டுக்குள்ளே ரெண்டு ரயில்வே

வடாலா வழியாகப் போனீர்களே, அந்தப் பயணத்தில் ஓர் எல்லையைக் கடந்தீர்கள். கோவண்டி, குர்லா, வடாலா எல்லாம் மத்திய ரயில்வே. மாஹிம், பாந்த்ரா, அந்தேரி மேற்கு ரயில்வே. தனித்தனி ஜெனரல் மேனேஜர், தனித்தனி தலைமையகம், தனித்தனி கட்டுப்பாட்டு அறை. ஒன்று தாமதமானால் இன்னொன்று அதற்காகக் காத்திருக்காது என்பது தாதரில் மாறுகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டும் பிறவியிலேயே வேறு வேறு. 1853 ஏப்ரல் 16-ல் போரிபந்தரில் இருந்து தாணேவுக்கு முதல் ரயிலை ஓட்டிய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. சர்ச்கேட் பக்கம் ஓட்டிய பாம்பே, பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வே இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனி. 1951-ல்தான் அவை மத்திய, மேற்கு ரயில்வேக்களாக மாறின. மாதுங்காவுக்குக் காய்கறி வாங்கவோ கோயிலுக்கோ போகிறவர்கள் இந்தப் பழைய பங்காளிச் சண்டையின் மிச்சத்தை இன்னும் பார்க்கலாம். ஒரே பேட்டைக்கு மூன்று ஸ்டேஷன்: மத்திய ரயில்வேயின் மாதுங்கா, மேற்கு ரயில்வேயின் மாதுங்கா ரோடு, ஹார்பர் லைனின் கிங்ஸ் சர்க்கிள்.

ஆனால் டிக்கெட்டுக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. கோவண்டியில் வாங்கியது அந்தேரியில் செல்லும். தூரம் மொத்தமாகக் கணக்கிடப்படுகிறது. மாஹிமில் மீட்டர் மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்குவதில்லை. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே, ரயில்வே அமைச்சகம். பணம் எந்தப் பையில் விழுந்தாலும் வீடு ஒண்ணுதான்.

கோவண்டிக்கு ரயில் வந்த கதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். குர்லாவில் இருந்து செம்பூர் பக்கம் 1906-ல் போட்ட தண்டவாளம் ஆட்களுக்காகப் போட்டதில்லை, ஊர்க் குப்பையைக் கொண்டு வந்து கொட்டுவதற்காக. பயணிகள் ரயில் 1924-ல்தான் வந்தது. கழிமுகத்தைத் தாண்டி வாஷிக்கு 1992-ல். குப்பை இன்னும் தேவ்னாரில்தான் இருக்கிறது. கோவண்டி அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009-ல் வந்த மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரத்திலேயே கடைசி இடம். இதே ஸ்டேஷனில்தான் டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கும் மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்துக்கும் படிக்க வருகிறவர்களும் இறங்குகிறார்கள். சீட்டா கேம்ப் தமிழர்கள் அடுத்த ஸ்டேஷன் மான்குர்டுக்குப் போவார்கள். ஒரே லோக்கல் பெட்டியில் இத்தனை பேரும் ஏற முடிவதற்குக் காரணம் அந்தச் சின்னக் கட்டணம்.

மாச பாஸ்: 15-ஆ, 30-ஆ?

உங்க மாச பாஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? இரண்டாம் வகுப்பு பாஸின் அடிப்படை, 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம். நீங்கள் போக வர மாசம் 50 தடவை ஏறுகிறீர்கள், கொடுப்பது 15-க்கு. மூன்று மாச பாஸ் எடுத்தால் மூன்று மடங்கு இல்லை, 2.7 மடங்கு. வருஷ பாஸ் 10.8 மடங்கு.

2014 ஜூனில் புதிதாக வந்த மோடி அரசு கட்டணத்தை ஏற்றியபோது, இந்த 15-ஐ 30 ஆக்கப் போவதாக அறிவித்தது. சாதாரண ஆள் கணக்கில் பாஸ் விலை இரட்டிப்பு. மும்பையில் கொந்தளிப்பு. அப்போதைய ரயில்வே அமைச்சர் சதானந்த கவுடாவை ஆளும் கூட்டணியின் மும்பை எம்.பி.க்களே போய்ப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே பழைய கணக்கு திரும்பி வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் மகாராஷ்டிர சட்டசபைத் தேர்தல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு அந்த 15-ஐத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. 2025 ஜூலையில் நாடு முழுவதும் ரயில் கட்டணம் ஏறியபோதும் புறநகர் ரயிலும் சீசன் பாஸும் விலக்கு.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கணும். பயணிகளிடம் செலவில் 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடித்துக் குத்திக்காட்டியது நினைவிருக்கும். 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், வருஷத்துக்கு 56,993 கோடி ரூபாய் மானியம் தருகிறோம் என்று அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் சொன்னார். அது நாடு முழுக்கக் கணக்கு. மும்பை லோக்கலில் நாளுக்குச் சுமார் 75 லட்சம் பேர் போகிறார்கள், மிகக் குறைந்த கட்டணத்தில். நெரிசலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்ல முடியாது: காசு குறைவா வர்ற இடத்துல புது வண்டி மெதுவாத்தான் வரும்.

கம்பெனிக்காரன் ஓட்டினா என்ன ஆகும்?

இதை வேறெங்கும் போய்த் தேட வேண்டாம். காட்கோபரிலும் செம்பூரிலும் பார்க்கலாம்.

காட்கோபர்-வெர்சோவா மெட்ரோ 1, நகரத்தின் முதல் மெட்ரோ. அதை நடத்தும் மும்பை மெட்ரோ ஒன் கம்பெனி, ரிலையன்ஸ் இன்ஃப்ரா தலைமையில் அரசின் எம்எம்ஆர்டிஏவும் சேர்ந்த கூட்டு முயற்சி. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த தொடக்கக் கட்டணம் 9, 11, 13 ரூபாய். 2014 ஜூன் 8-ல் ரயில் ஓடத் தொடங்கியபோது கம்பெனி அறிவித்த கட்டணம் 10 முதல் 40 வரை. கட்டுமானச் செலவு எகிறிவிட்டது, மெட்ரோ சட்டப்படி முதல் கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை எங்களுக்கு என்றது கம்பெனி. எம்எம்ஆர்டிஏ பாம்பே ஹைகோர்ட்டுக்குப் போனது. நடுவில் கட்டண நிர்ணயக் குழு ஒன்று 110 ரூபாய் வரை வாங்கலாம் என்று பரிந்துரைக்க, 2017 டிசம்பரில் ஹைகோர்ட் அந்தப் பரிந்துரையை ரத்து செய்தது.

க்ளைமாக்ஸ் இன்னும் சுவாரசியம். 2024 மார்ச்சில் மகாராஷ்டிர அமைச்சரவை, ரிலையன்ஸ் இன்ஃப்ராவின் 74 சதவீதப் பங்கை 4,000 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புதல் தந்தது. ஜூனில் அந்த முடிவை அதே அரசு திரும்பப் பெற்றது.

மோனோரயில் கதை வேறு. 2014 பிப்ரவரியில் செம்பூரில் இருந்து வடாலா வரை தொடங்கியது. ஓட்டும் பொறுப்பு மலேசியாவின் ஸ்கோமி கம்பெனியிடம். 2017 நவம்பரில் மைசூர் காலனி ஸ்டேஷனில் இரண்டு பெட்டிகள் தீப்பிடித்து எரிந்ததும் நின்ற சேவை, 2018 செப்டம்பரில்தான் மீண்டும் ஓடியது. அந்த வருஷம் டிசம்பரில் ஒப்பந்தத்தை முடித்து எம்எம்ஆர்டிஏ தானே எடுத்துக்கொண்டது. அரசு எடுத்தா எல்லாம் சரியாயிடுமா? 2025 ஆகஸ்ட் 19 மழையில் லோக்கல் நின்றுபோக, கூட்டம் மோனோவுக்கு ஓட, பாரம் தாங்காமல் ரயில் அந்தரத்தில் நின்றது. தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து ஆட்களை இறக்கினார்கள். செப்டம்பர் 20 முதல் மேம்பாட்டுப் பணி என்று மொத்த சேவையும் நிறுத்தப்பட்டது.

ஆகவே "தனியாரா, அரசா" என்று டீக்கடையில் போடும் சண்டை இங்கே பாதி விடைதான் தரும். மீதிப் பாதிக்கு லண்டன் பக்கம் போகணும்.

பிரிட்டன்: ஒரே டிக்கெட், 5.5 கோடி விலை

உங்க சித்தப்பா பையனோ காலேஜ் நண்பனோ பார்க்கிங்கில் இருந்தால், அவன் தினம் ஏறும் சி2சி ரயில் 2025 ஜூலை 20 முதல் அரசுடையது. விம்பிள்டனிலோ நியூ மால்டனிலோ இருந்தால், சவுத் வெஸ்டர்ன் ரயில்வே மே 25-லேயே மாறிவிட்டது. அக்டோபர் 12-ல் கிரேட்டர் ஆங்லியா. 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம் ஒன்றின்படி, ஒப்பந்தம் முடிய முடிய ஒவ்வொரு பயணிகள் ரயில் கம்பெனியும் அரசிடம் திரும்புகிறது. கடைசியில் தண்டவாளம், டைம்டேபிள், கட்டணம் எல்லாம் 'கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ்' என்ற ஒரே அமைப்பின் கீழ். ரயில் பெட்டிகளை வாடகைக்கு விடும் கம்பெனிகளும் சரக்கு ரயிலும் தனியாரிடமே இருக்கும்.

1993 சட்டத்தின் பேரில் 1994-97-ல் அவர்கள் ரயில்வேயைத் துண்டு போட்டார்கள். தண்டவாளம் ஒரு கம்பெனிக்கு, பெட்டி வேறு கம்பெனிகளுக்கு, ஓட்டும் உரிமை சுமார் 25 கம்பெனிகளுக்கு. ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள்: எந்த ஸ்டேஷனில் இருந்து எந்த ஸ்டேஷனுக்கும் ஒரே டிக்கெட் கிடைக்கணும். நடுவில் மூன்று கம்பெனி ரயில் மாறினாலும் சரி.

அப்போ பணத்தை யார் பிரிப்பது? அதுக்கு ஆர்காட்ஸ் என்றொரு கம்ப்யூட்டர் கணக்கு. (ஆற்காட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.) ஒரே பாதையில் இரண்டு கம்பெனி ஓட்டினால், டைம்டேபிளைப் பார்த்து யார் வண்டியில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்று கணித்து, டிக்கெட் பணத்தைப் பங்கு போடும். கம்பெனிகள் சும்மா இருக்குமா? அடுத்தவன் பாதையில் நாலு வண்டி கூடுதலாக விட்டு, அவன் பங்கில் கை வைக்கிற வேலையும் நடந்தது.

ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிக்கு மட்டும் செல்லும் டிக்கெட், முன்பதிவு டிக்கெட், நெரிசல் நேர டிக்கெட், நெரிசல் இல்லாத நேர டிக்கெட் என்று சேர்த்துக்கொண்டே போக, சந்தையில் இருந்த கட்டணங்களின் எண்ணிக்கை சுமார் 5.5 கோடி என்று ரயில் கம்பெனிகளின் சங்கமே சொன்னது. விளைவு ஒரு வேடிக்கை. லண்டனில் இருந்து ஓர் ஊருக்கு ஒரே டிக்கெட் எடுப்பதைவிட, நடுவில் வரும் ஊர் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று உடைத்து எடுத்தால் பல சமயம் மலிவு. அதே வண்டி, அதே சீட்டு. எங்கே உடைக்கலாம் என்று சொல்லித் தர தனி ஆப்கள், அதற்கு ஒரு கமிஷன்.

தப்பான டிக்கெட்டோடு பிடிபட்டால் வேடிக்கை முடிந்துவிடும். இங்கிலாந்தில் அபராதம் 100 பவுண்டு, அதோடு டிக்கெட் விலை. ரயில் கம்பெனிகள் பயணிகள்மேல் குறுக்குவழி நடைமுறையில் வழக்குப் போட்டுத் தண்டனை வாங்கியிருந்தன. அப்படிப்பட்ட சுமார் 74,000 வழக்குகள் செல்லாது என்ற நிலை 2024 ஆகஸ்டில் ஒரு தலைமை மாஜிஸ்திரேட்டின் தீர்ப்பால் வந்தது.

ஒன்றில் மட்டும் அவர்கள் நம்மைவிட மேல். ரயில் லேட்டானால் பணம் திரும்பக் கேட்கலாம். பல கம்பெனிகளில் 15 நிமிஷ தாமதத்துக்கே டிக்கெட்டில் கால்வாசி. ஹார்பர் லைனில் இந்த விதி வந்தா ரயில்வே திவாலாயிடும், விடுங்க.

நமக்கு எது பொருந்தும்?

பிரிட்டன் டிக்கெட்டை ஒன்றாக வைத்துக்கொண்டு விலையைக் குழப்பியது. மும்பை தலைகீழ். லோக்கலில் விலை தெளிவு, பெரும்பாலும் 5 ரூபாய் படிகள். ஆனால் அதற்கு மேல் வந்த ஒவ்வொரு புது வாகனமும் தனி ராஜ்ஜியம். மெட்ரோ 2ஏ, 7-ஐ ஓட்டுவது ஓர் அரசு நிறுவனம். கஃப் பரேடு வரை போகும் மெட்ரோ 3 இன்னோர் அரசு நிறுவனம். மெட்ரோ 1 தனியார் கூட்டு. பெஸ்ட் மாநகராட்சியின் குடும்பம். எல்லாமே அரசு கையில் இருந்தாலும் 'குறைந்தபட்சக் கட்டணம்' என்ற நுழைவுவரியை ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கலாம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்த நுழைவுவரி அதிகம் அடிப்பது யாரை? ஸ்டேஷன் பக்கத்தில் வீடு இருப்பவரை இல்லை. 2025 மே 9-ல் பெஸ்ட் சாதாரண பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5-ல் இருந்து 10 ஆனது, ஏசி பஸ் 6-ல் இருந்து 12. சிவாஜி நகரில் இருந்து கோவண்டி ஸ்டேஷன் வரும் சின்ன தூரத்துக்குக் கொடுக்கும் காசு, அதன் பிறகு லோக்கலில் போகும் நீண்ட தூரத்துக்குக் கொடுப்பதைவிட சில சமயம் அதிகமாகிவிட்டது. தூரத்தில் இருப்பவர், இரண்டு மூன்று தடவை மாறுகிறவர், அவர்தான் ஒவ்வொரு வாசலிலும் கட்டுகிறார்.

இதைத் தீர்த்த ஊர் நம்ம ஆட்களுக்குப் பழக்கமான ஊர்தான். சிங்கப்பூரில் எஸ்எம்ஆர்டி, எஸ்பிஎஸ் டிரான்சிட் என்று வேறு வேறு கம்பெனிகள் ஓட்டுகின்றன. 2010 ஜூலை முதல் அங்கே கட்டணம் மொத்த தூரத்துக்கு. பஸ்ஸில் இருந்து ரயிலுக்கு மாறினாலும் அடிப்படைக் கட்டணம் ஒரு முறைதான். இரண்டு மணி நேரத்துக்குள் 5 தடவை வரை மாறலாம். யார் வண்டி என்பது பயணியின் கவலை இல்லை. விலையைச் சொல்வது கம்பெனி இல்லை, அரசின் பொதுப் போக்குவரத்து மன்றம். வருமானப் பங்கீட்டைப் பின்னால் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

சென்னையும் இதே முச்சந்தியில்தான் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிய 'சென்னை ஒன்' ஆப்பில் மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர். அதுவும் தனித்தனிக் கட்டணங்களை ஒரு பையில் போட்டுக் கொடுக்கிற வேலைதான். கும்டா என்ற ஒருங்கிணைந்த ஆணையம் சட்டப்படி இருப்பதால் அடுத்த அடி வைப்பது அங்கே கொஞ்சம் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மும்பையில் கஷ்டம் எங்கே என்றால், லோக்கலின் முதலாளி டெல்லி, மெட்ரோவின் முதலாளி மாநில அரசு, பஸ்ஸின் முதலாளி மாநகராட்சி. பஸ்ஸில் இருந்து இறங்கி லோக்கலில் ஏறுகிறவருக்கு 5 ரூபாய் தள்ளுபடி என்றால், அந்த 5 ரூபாயை யார் விடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் மேஜை இன்னும் போடப்படவில்லை. ஆப் செய்வது ஆறு மாச வேலை. இது அரசியல் வேலை.

இதற்கு நடுவில் இன்னொரு மாற்றம் வருகிறது. 2025 ஜூன் 9-ல் மும்ப்ரா வளைவில் வண்டியில் தொங்கியவர்கள் விழுந்து இறந்த பிறகு, கதவு தானாக மூடும் வண்டிகள் பற்றிய பேச்சு வேகம் எடுத்தது. 238 ஏசி ரேக்குகளுக்கான திட்டம் கையில் இருக்கிறது. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஏற்றாமலேயே ஏசி தருவோம் என்று முதல்வர் ஃபட்னாவிஸ் சொல்லியிருக்கிறார். ஏசி லோக்கல் ஒற்றைக் கட்டணத்தை 2022 மே மாதம் பாதியாகக் குறைத்ததும் கூட்டம் ஏறியது நினைவிருக்கட்டும். விலை உயர்ந்த பாஸுக்குத் திருட்டுச் சந்தையும் வந்துவிட்டது: 2025 நவம்பரில் ஏசி லோக்கலில் கம்ப்யூட்டரில் செய்த போலி பாஸைக் காட்டியவர்கள் பிடிபட்டு வழக்கு வரை போனது. டிக்கெட் இல்லாமல் மாட்டினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய். போலி பாஸ் என்றால் அது மோசடி, வேற கதை.

நாளைக்கே பயன்படும் ஒரு விஷயம். பாஸ் எடுக்கும்போது ஆப் காட்டும் 'வழி'யைப் பார்க்காமல் அழுத்தாதீர்கள். கோவண்டியில் இருந்து பாந்த்ரா, அந்தேரி பக்கம் போக வடாலா வழி ஒன்று, குர்லா-தாதர் வழி ஒன்று. வடாலா பாஸை வைத்துக்கொண்டு தாதரில் மாறினால் டிசி கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. ஸ்டேஷனுக்குள் வந்த பிறகு ஆப்பில் சாதாரணமாக டிக்கெட் எடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். டிசியைப் பார்த்ததும் போனை எடுப்பவர்களுக்காகவே அந்த ஜிபிஎஸ் வேலி.

அடுத்து பார்க்க வேண்டியது மெட்ரோ 2பி. மண்டாலேவில் தொடங்கி மான்குர்டு, செம்பூர், குர்லா, பிகேசி வழியாக டி.என். நகர் வரை போகிற பாதை. மண்டாலே-டயமண்ட் கார்டன் பகுதியில் 2025 ஏப்ரலில் சோதனை ஓட்டம் ஆரம்பித்தது. முழுசா ஓடும்போது பிகேசி போகிறவர்கள் குர்லா ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு முண்டியடிக்க வேண்டியிருக்காது. அந்த நாளில் மான்குர்டு லோக்கல் ஸ்டேஷனில் இறங்கி மெட்ரோ படி ஏறுகிறவரிடம் வாங்கப் போவது மீதித் தூரத்துக்கான காசா, மறுபடி முதலில் இருந்தா என்பதை எம்எம்ஆர்டிஏவும் ரயில்வேயும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய இப்போதே நேரம் இருக்கிறது.